தீவகத்துச் சமயங்கள்: கோட்பாட்டு வேறுபாடும் சமூக உறவும்

சமயங்களை ஒப்புநோக்குவோர் பெரும்பாலும் இரு நிலைகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பர். எல்லாச் சமயங்களும் ஒரே உண்மையையே வெவ்வேறு மொழியிற் கூறுகின்றன என்பது ஒரு நிலை. சமயங்கள் தம்முள் அடிப்படையிலேயே முரண்பட்டவை. ஆதலின் அவற்றைப் பின்பற்றுவோரிடையே மோதல் தவிர்க்கவியலாதது என்பது மற்றது. நோக்கால் எதிரெதிரான இவ்விரண்டும் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. மக்கள் ஒற்றுமையாக வாழ்வதும் பகைத்து நிற்பதும் அவர்தம் கோட்பாடுகளின் நெருக்கத்தையும் தூரத்தையும் பொறுத்தன என்பதே அவ்வெடுகோள். அது வரலாற்றில் எவ்வளவு பொருந்துகின்றது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே அமைந்த தீவுகளை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தீவுகளைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகியன பரப்பிற் சிறியன. எனினும் பௌத்தம், சைவம், கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்தம், இஸ்லாம் ஆகிய ஐந்தின் சுவடுகளும் இவற்றிற் பதிந்துள்ளன. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையிற் சிறிது தூர இடைவெளியில் அமைந்துள்ளன. அத்தீவிலே பள்ளிவாசலும் உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்படும் ஒரே படகில் அம்மன் அடியாரும் புத்தர் அடியாரும் அருகருகே அமர்ந்து செல்கின்றனர்.

1. கோட்பாடுகள்

முதலில் இச்சமயங்களின் அடிப்படை நம்பிக்கைகளை மூன்று வினாக்களின் வழி நோக்குவோம். உலகுக்கு ஒரு கருத்தா உண்டா? உயிர் என்பது யாது? விடுதலை எவ்வாறு கிட்டும்?

உலகைப் படைத்த கருத்தா ஒருவனைப் பௌத்தம் கொள்வதில்லை. நிலையான ஆன்மா என ஒன்றும் இல்லை என்பது அதன் துணிபு. மனிதன் எனப்படுபவன் ஐந்து கந்தங்களின் கூட்டு. துன்பம் காரண காரியத் தொடராய் எழுவது. பேதைமை நீங்க அத்தொடர் அறும். விடுதலையை அவரவர் தம் முயற்சியாலேயே எய்தவேண்டும்.

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என மூன்று பொருள்களைக் கொள்ளும். இம்மூன்றும் தொடக்கமற்றவை. எனவே இறைவன் உயிரைப் படைத்தான் என்பது சித்தாந்திக்கு உடன்பாடன்று. உயிரைப் பற்றிய ஆணவ மலத்தை நீக்குதற்காகவே அவன் உடலையும் உலகையும் கொடுத்தான். வினையும் மறுபிறப்பும் உண்டு. ஆயினும் முடிவில் உயிரை விடுவிப்பது திருவருளேயாகும்.

கிறிஸ்தவத்தின்படி இறைவன் உலகை இன்மையிலிருந்து படைத்தான். மனிதனுக்குப் பிறப்பு ஒன்றே. இறைவன் வரலாற்றில் ஒருமுறை மனிதனாகப் பிறந்து, இறந்து, உயிர்த்தான் என்பதே அச்சமயத்தின் மையம். இதிற் கத்தோலிக்கரும் கல்வினியக் கொள்கையினரான ஒல்லாந்தத் திருச்சபையினரும் ஒன்றுபட்டவர். திருவுருவங்கள், புனிதரை வேண்டல், பாப்பரசரின் தலைமை, மீட்புக்கு உரியாரை இறைவன் முன்னரே தெரிந்துகொள்ளுதல் ஆகியவற்றிலேயே அவர்கள் வேறுபட்டனர்.

இஸ்லாமும் படைப்பு, ஒரே பிறப்பு, இறுதித் தீர்ப்பு ஆகியவற்றை ஏற்கின்றது. ஆனால் இறைவன் பிறவான், பிறரைப் பெறவும் மாட்டான் என்பதில் அது உறுதியானது. ஈசா நபியை இறைதூதராகப் போற்றும் இஸ்லாம் அவரை இறைமகன் எனக் கொள்வதில்லை.

இவ்வாறு நோக்குமிடத்து உடன்பாட்டுக் கோடுகள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்வதைக் காணலாம். வினையையும் மறுபிறப்பையும் ஏற்பதிற் பௌத்தமும் சைவமும் ஓரணியில் நிற்கின்றன. கடவுளையும் உயிரையும் பற்றிய வினாவில் அவை எதிரணியில் உள்ளன. இறைவன் கருவிற் பிறவான் என்பதிற் சித்தாந்தியும் முஸ்லிமும் உடன்படுவர். அருளிலும் திருவுருவ வழிபாட்டிலும் சைவரும் கத்தோலிக்கரும் நெருங்கி வருவர். ஆகவே எல்லாம் ஒன்றே என்பது ஆராய்ச்சிக்கு ஒவ்வாத கூற்று. வேறுபாடுகள் மெய்யானவை. தமிழில் இவ்வேறுபாடுகளை ஒழுங்குபட எடுத்தாராயும் மரபும் பழமையானது. மணிமேகலையின் தலைவி வஞ்சி மாநகரிற் பல சமயவாதிகளையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சிவஞான சித்தியாரின் பரபக்கம் பிறர் மதங்களை எடுத்துரைத்து மறுக்கின்றது.

2. இருக்கை பற்றிய கதை

மணிமேகலை கூறும் மணிபல்லவத்தை நயினாதீவு எனக் கொள்வோர் பலர். இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அக்காப்பியத்தின்படி மணிபல்லவத்தில் இருந்த இருக்கை ஒன்றுக்காக நாகநாட்டு மன்னர் இருவர் போரிட்டனர். புத்தர் தோன்றி அப்போரைத் தணித்தார். மகாவம்சமும் இதையொத்த செய்தியைத் தருகின்றது. மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், மாமனும் மருகனுமானோர், மணியாசனம் ஒன்றுக்காக நாகதீபத்திற் பொருதனர். புத்தர் அங்கு வந்து அவர்களை ஒன்றுபடுத்தினார்.

நாகபூஷணி அம்மன் கோயிலின் மரபுக் கதையும் ஒரு பகையின் தணிவையே கூறுகின்றது. அம்மனுக்குப் பூவேந்திக் கடலைக் கடந்து வந்த நாகத்தைக் கருடன் தாக்க முனைந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் இடைநின்று இரண்டையும் சமாதானப்படுத்தித் தன் செல்வத்தை அம்மனுக்கு ஈந்தான். பாலியிலும் தமிழிலும் வாய்மொழியிலும் வழங்கும் இம்மூன்று கதைகளும் வரலாற்றுச் சான்றுகளாகா. எனினும் ஒரு செய்தி சிந்தித்தற்குரியது. மூன்றிலும் பகைவர் கோட்பாட்டால் வேறுபட்டவர் அல்லர். போர் நிகழ்ந்தது இருக்கைக்காக, அதாவது உரிமைக்காக.

3. ஊராத்துறைக் கல்வெட்டு

கதையிலிருந்து சாசனத்துக்கு வருவோம். நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிற் சூழலிலே காணப்படும் தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் பதிப்பித்து ஆராய்ந்துள்ளார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும்; அவர்கள் காக்கப்பட வேண்டும்; யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும்; வாணிபப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் உரியதாகும். இதுவே அதன் சாரம். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை.

பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பௌத்த மன்னன் தன் ஆணையைத் தமிழிற் பொறித்தான். கடல்வழி வந்த வணிகருக்குப் புரியவேண்டும் என்பதே அதன் காரணம் எனலாம். உடைந்த கலத்தின் பொருளைப் பங்கிடுமிடத்து உடையவனின் சமயம் யாதென அச்சாசனம் வினவவில்லை. கலம் ஏற்றியது யானையா, குதிரையா, வாணிபப் பண்டமா என்பதையே வினவுகின்றது. இதனைச் சமயப் பொறை என வியந்து கூறுவது பொருந்தாது. துறைமுகத்தின் வருவாய் பல சமயத்தவரின் வருகையைச் சார்ந்திருந்தது. அதே துறையில் அவன் மரக்கலங்களைக் கட்டுவித்தான் எனச் சோழர் சாசனம் கூறுவதையும் மறத்தலாகாது. ஒரே அரசு பொருள் தேவைப்பட்டபோது வணிகனைக் காத்தது. ஆதிக்கம் தேவைப்பட்டபோது படையெடுப்புக்கு ஆயத்தமாயிற்று.

4. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும்

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. தீவுகளின் கோயில்களும் அக்காலத்தில் அழிவுற்றன என்பது மரபு. கத்தோலிக்கம் ஆட்சியின் சமயமாகப் பரவிற்று. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. இதன்பின் நிகழ்ந்தவையே நம் வினாவுக்கு முக்கியமானவை.

மேலே கண்ட ஐந்தனுள் கோட்பாட்டால் மிக நெருங்கியவை கத்தோலிக்கமும் கல்வினியமுமே. வேதநூலும் மீட்பரும் படைப்புக் கொள்கையும் இவற்றுக்குப் பொதுவானவை. நெருக்கமே நட்பைத் தருமெனின் இவ்விரண்டுக்குமிடையே பகை மிகக் குறைந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. கத்தோலிக்கக் குருமார் நாடுகடத்தப்பட்டனர்; அவர்களுக்குப் புகலிடம் அளிப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கத்தோலிக்கரைப் போர்த்துக்கலின் ஆதரவாளராக ஒல்லாந்தக் கம்பனி கருதியதே இதற்குக் காரணம். கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் 1687இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து மறைவாகப் பணிபுரிந்தார். பின்னர் அவர் கண்டிக்குச் சென்று, தொடக்கத்தில் ஒற்றனென ஐயுறப்பட்டுச் சிறையிருந்து, இறுதியில் அங்கு பௌத்த மன்னனின் ஆதரவிலே பணியைத் தொடர்ந்தார். கிறிஸ்தவ அரசினால் வேட்டையாடப்பட்ட கிறிஸ்தவத் துறவிக்குக் கடவுட் கொள்கையற்ற சமயத்து மன்னன் இடமளித்தான். கண்டி மன்னருக்கும் கம்பனிக்கும் இடையே இருந்த அரசியற் பகையை நோக்காது இதனை விளக்கவியலாது.

ஒல்லாந்தர் தம் திருச்சபையைப் பதிவேட்டின் வழியாக நிறுவ முயன்றனர். திருமுழுக்கும் திருமணமும் பள்ளித் தோம்பிற் பதியப்படவேண்டும். பதவி பெறுதற்கும் அது தேவைப்பட்டது. ஆகவே பலர் ஏட்டிலே கிறிஸ்தவராயும் இல்லத்திலே சைவராயும் வாழ்ந்தனர். 1796 அளவில் ஆங்கிலேயர் ஆட்சி ஏற்பட்டு அந்நிர்ப்பந்தம் தளர்ந்ததும் அவ்வேட்டுக் கிறிஸ்தவம் கரைந்து போயிற்று. ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கமோ ஊர்காவற்றுறை முதலிய இடங்களில் நிலைத்தது. இதற்கு ஒப்பான ஒன்று இடப்பெயர்களிலும் உண்டு. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கு லெய்டன், அம்ஸ்ரர்டாம், ஹார்லெம், மிடில்பேர்க் எனத் தம் நகரங்களின் பெயர்களை இட்டனர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் என்பது மட்டும் ஆங்கில வழக்கில் எஞ்சியது. மக்கள் நாவில் அதுவும் நெடுந்தீவே.

5. வழிபாடும் வாழ்வும்

கோட்பாட்டின் தளத்திலிருந்து வழிபாட்டின் தளத்துக்கு இறங்குமிடத்து வேறொரு காட்சி தோன்றுகின்றது. நெடுந்தீவுப் பிரிவுக்குட்பட்ட கச்சதீவில் நன்னீர் இல்லை. நிலையான குடியிருப்பும் இல்லை. அங்கு புனித அந்தோனியாருக்கு ஒரு தேவாலயம் உண்டு. பாக்குநீரிணையின் இரு கரை மீனவரும் அவ்விழாவிற் கூடும் வழக்கம் நெடியது. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இந்திய யாத்திரிகர் பயண ஆவணமின்றி அங்கு வந்துசெல்ல இடமளித்தது. கடலுக்குச் செல்பவன் அந்தோனியாரிடம் வேண்டுவதும் நாகம்மையிடம் வேண்டுவதும் ஒன்றையே: சென்றவர் திரும்பி வரவேண்டும். உயிர் தொடக்கமற்றதா படைக்கப்பட்டதா என்னும் வினா அவ்வேண்டுதலில் எழுவதில்லை.

இதனை மிகைப்படுத்தி இலட்சிய ஒற்றுமையாகக் காட்டுதலும் தவறு. சாதியைப் பிறப்பின்வழிக் கொள்வதைப் புத்தர் மறுத்தார். அடியாருட் சாதியில்லை எனச் சைவ பக்தி மரபு கூறிற்று. கிறிஸ்துவில் யாவரும் ஒன்றெனத் திருச்சபை போதித்தது. எனினும் யாழ்ப்பாணச் சமூகத்திற் கோயில் வாயில்கள் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டோருக்கு மூடியிருந்தன. தேவாலயங்களுள்ளும் இருக்கை வேறுபாடு நிலவிற்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. பகைமையைப் போன்றே சமத்துவமும் கோட்பாட்டிலிருந்து தானாகப் பிறப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

சமயங்கள் ஒன்றையொன்று எதிர்த்த வேளையிலும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றன. ஆறுமுக நாவலர் (1822–1879) பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிற் துணைநின்றவர். பின்னர் அச்சகம், பாடசாலை, பிரசங்கம், வினாவிடை நூல் ஆகிய அதே கருவிகளாற் சைவத்தைக் காத்தார். ஊர்காவற்றுறைப் பகுதியின் கரம்பொனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கக் குருவாயிருந்தே சைவ, வைணவ, பௌத்த, சமண இலக்கியங்கள் யாவற்றையும் தமிழ்ப் பண்பாட்டின் பொதுச் சொத்தாக உலகுக்கு எடுத்துரைத்தார். நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலே பிறர் நம்பிக்கையைக் கற்றுணரலாம் என்பதற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டாகும்.

6. முடிவுரை

20ஆம் நூற்றாண்டில் மொழியும் சமயமும் அரசுரிமையோடு மீண்டும் பிணைக்கப்பட்டன. 1956இல் தனிச் சிங்களச் சட்டமும் 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கிய அரசியலமைப்பும் வந்தன. 1958இலும் 1986இலும் நிகழ்ந்த வன்முறைகள் நயினாதீவின் வழிபாட்டிடங்களை விட்டுவைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இவற்றுள் எதுவும் ஆன்மா உண்டா இல்லையா என்னும் வாதத்தால் விளைந்ததன்று. நிலம் யாருடையது, அரசு யாருடையது என்னும் வினாவே சமயத்தின் பெயரைத் தாங்கி வந்தது. போர் தணிந்த இடமெனப் போற்றப்படும் ஒரு தீவின் மீதே உரிமைப் பூசல் எழுவது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

எனவே சமய நல்லிணக்கத்தை விரும்புவோர் கோட்பாட்டு வேறுபாடுகளை மறைக்க முயல்வது வேண்டாத வேலை. அவ்வேறுபாடுகளைத் தெளிவாகக் கற்பித்தலே நேர்மை. மாற்றவேண்டியது வேறுபாட்டை உரிமையின் அளவுகோலாக்கும் அரசியலையும் சமூக அமைப்பையுமே.

நயினாதீவு அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். பௌத்தக் காப்பியத் தலைவி மணிபல்லவத்திற் பெற்ற பாத்திரத்தின் பெயர் அது. அப்பெயரைச் சூட்டிய சைவர்கள் அதனாற் பௌத்தராகிவிடவில்லை. அங்கு உண்ண அமரும் பௌத்தரும் சைவராகிவிடவில்லை. பசி நீக்கும் அறம் இருவருக்கும் பொதுவாயிற்று. அதற்கு இரு சமயத்தாரின் தத்துவங்களும் உடன்படவேண்டியிருக்கவில்லை.