ஆடியோ இன்டர்ஃபேஸ்: டிரைவர் கோளாறுகளும் நிவாரணமும்

மைக், கிட்டார், கீபோர்டு முதலியவற்றிலிருந்து வரும் மின்னலைகளை எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்புவதும், கணினி திருப்பித் தரும் எண்களை மறுபடியும் மின்னலைகளாக்கி ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுப்பதுமாகிய இரட்டைத் தொழிலைச் செய்யும் பொருட்டுக் கணினிக்கு வெளியே தனிப் பெட்டியாக அமைந்த சாதனம் ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும். வெளிச் சவுண்டு கார்டு என்று வழங்குவாரும் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுகள் எவ்வளவு உயர்ந்தவையாயினும், இயங்குதளம் அவற்றை இனங்கண்டு வேலை வாங்குவதற்கு டிரைவர் என்னும் மென்பொருள் இடையில் வேண்டும். அது பழுதுபட்டாலும், பொருந்தாமற் போனாலும், உரிய அனுமதி பெறாதிருந்தாலும், விலையுயர்ந்த அப்பெட்டி விளக்கு எரிவதன்றி வேறொன்றுக்கும் உதவாது. சாதனத்தின் ஆயுள் நீண்டது, டிரைவரின் ஆயுள் குறுகியது என்பதே இவ்வகைத் தொல்லைகளுள் பலவற்றுக்கு மூலம்: செம்மையாகச் செய்த மின்சுற்று பதினைந்து ஆண்டும் உழைக்கும், அதற்கென எழுதிய டிரைவரோ, இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வெளியாகும் நாளிலேயே சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

இச்சாதனங்களுக்குத் தனி டிரைவர் தேவைப்பட்டதற்குச் சரித்திர காரணம் உண்டு. விண்டோஸின் பழைய பதிப்புகளில் செயலிகளின் ஒலி இயங்குதளத்தின் பொதுவழியினூடே சென்றாக வேண்டியிருந்தமையால், பாடுகிறவர் வாய்திறந்ததற்கும் அவர் குரல் அவர் ஹெட்போனுக்கு வந்து சேர்வதற்கும் இடையே, காதுக்கு நன்றாகப் புலப்படும் தாமதம் நேர்ந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம், இப்பொதுவழியை ஒதுக்கிவிட்டு ஒலிப்பதிவுச் செயலி நேரே சாதனத்தோடு தொடர்புகொள்ளும் ஆசியோ என்னும் முறையை 1997-இல் வகுத்தது. விண்டோஸில் ஒலிப்பதிவு செய்வோர் இன்றும் பெரிதும் நம்பியிருப்பது அதனைத்தான். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் பின்னர் வந்த கோர் ஆடியோ என்னும் அமைப்பு இயங்குதளத்திலேயே குறைந்த தாமதத்தோடு இயங்கியதால், அதன்பின் அங்கே இவ்வாறு சுற்றுவழி தேட வேண்டிய அவசியம் எழவில்லை. யுஎஸ்பி ஆடியோவுக்கான பொது இலக்கணம் 1998-இல் முதற்பதிப்பாகவும் 2006-இல் இரண்டாம் பதிப்பாகவும் வந்தது. இவ்விலக்கணத்துக்கு இணங்கிய சாதனத்தை, தனி டிரைவர் எதுவும் நிறுவாமலே இயங்குதளம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டாம் பதிப்பை மேக் 2010-லேயே ஏற்றுக்கொண்டிருக்க, விண்டோஸ் அதற்கான டிரைவரைத் தன்னுடன் சேர்த்துக்கொள்ள 2017 வரை காலங்கடத்தியது. அந்த இடைக்காலத்தில் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தத்தமக்குரிய டிரைவரை எழுதியோ எழுதுவித்தோ கொடுக்க நேர்ந்தமையால், ஒரே கணினியில் இரண்டு மூன்று நிறுவனங்களின் டிரைவர்கள் குடியேறி ஒன்றோடொன்று இடையூறு செய்துகொள்ளும் நிலைமை சகஜமாயிற்று.

கோளாறு என்று வருகிறவர் பெரும்பாலும் முதலில் செய்வது டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவதாகும். இது நோயை நிர்ணயிக்கும் முன்னர் மருந்து கொடுப்பதாகும் என்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம். சாதனத்தைக் கணினி காணவே இல்லையா, கண்டும் சப்தம் இல்லையா, சப்தம் வந்தும் அது பழுதோடு வருகிறதா என்ற மூன்றனுள் எது நிகழ்கிறதென்று தெளிந்துகொண்டால், பாதி வேலை முடிந்ததாகும். ஏனெனில் இம்மூன்றுக்கும் காரணங்கள் பெரும்பாலும் வெவ்வேறு.

கணினி சாதனத்தைக் காணவில்லை என்றால், டிரைவரைச் சந்தேகிக்குமுன் கேபிளைச் சந்தேகிப்பதே கிரமம். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வந்த கேபிள்களுள் சில மின்சாரத்தை மட்டும் கடத்துவனவேயன்றித் தரவுக்குரிய கம்பிகள் இல்லாதவை. அவற்றை மாட்டினால் பெட்டியில் விளக்கு எரியும், கணினியிலோ அசைவே இராது. யுஎஸ்பி 2 துளை 500 மில்லியாம்பியரும், யுஎஸ்பி 3 துளை 900 மில்லியாம்பியரும் தருவதாக அமைந்தவை. மைக்குக்கு 48 வோல்ட் பான்டம் பவரும் தன் ஓட்டத்துக்கு வேண்டிய மின்சாரமும் ஒரே துளையிலிருந்து எடுத்துக்கொள்ளும் பெட்டியை, கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் தொங்கும் ஹப்பில் மாட்டினால், அது தோன்றித் தோன்றி மறைவதில் வியப்பில்லை. கணினியின் துளையிலேயே நேராக மாட்டி, வேறொரு கேபிளால் பரீட்சித்த பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

விண்டோஸில் அடுத்த படி டிவைஸ் மேனேஜர். அங்கே மஞ்சள் முக்கோணத்தோடு சாதனம் நிற்குமாயின், அதன் பண்புகளில் காணும் குறியெண் பெரிதும் உதவும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவேயில்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் சாதனம் தொடங்க மறுக்கிறது. 52 என்றால் டிரைவரின் மின்கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. இனம் தெரியாத யுஎஸ்பி சாதனம் என்ற பெயருடன் 43 தோன்றினால், கேபிள், துளை, பெட்டி ஆகிய மூன்றனுள் ஒன்றில் பழுது இருக்கவே வாய்ப்பு அதிகம், அதற்கு டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அமைப்புகளில் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷன் பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்னும் பாதுகாப்பும் பழைய டிரைவர்களை ஏற்றவிடாமல் தடுப்பதுண்டு. எந்த டிரைவர் பொருந்தவில்லை என்பதை அப்பகுதியே பெயர் சொல்லிக் காட்டும். அதனை அணைத்துவிட்டு வேலையைத் தொடரும்படி யோசனை சொல்பவர் பலர். கணினியின் காவலைத் தளர்த்தி இசையைக் காப்பாற்றுவதைவிட உற்பத்தியாளரிடமிருந்து புதிய பதிப்பைத் தேடிப் பெறுவதே தக்கது.

இவற்றுக்குப் பின்னும் டிரைவர்தான் குற்றவாளி என்று தெளிந்தால், நீக்கும் வேலையை முழுமையாகச் செய்ய வேண்டும். சாதனத்தின் கேபிளைக் கழற்றிவிட்டு, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலிலிருந்து அதன் மென்பொருளை நீக்கிய பிறகும், டிவைஸ் மேனேஜரில் வியூ பட்டியலைத் திறந்து மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் செய்தால், வேறு வேறு துளைகளில் முன்பு மாட்டியதன் எச்சமாக அதே சாதனம் மங்கிய எழுத்துகளில் பலமுறை நிற்பதைக் காணலாம். அவை ஒவ்வொன்றையும் நீக்க வேண்டும். நீக்கும்போது டிரைவர் மென்பொருளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் குறியிட மறக்கலாகாது, மறந்தால் மறுபடி மாட்டியவுடன் பழைய டிரைவரே களஞ்சியத்திலிருந்து எழுந்து வந்துவிடும். அடுத்துக் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஷட் டவுன் செய்து மறுபடி திறப்பது இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்னும் வசதி, ஷட் டவுனின்போது இயங்குதளத்தின் கருவை டிரைவர்களோடு அப்படியே வட்டில் எழுதிவைத்து, திறக்கும்போது அதையே எடுத்துக்கொள்வதால், இரவெல்லாம் அணைந்து கிடந்த கணினியும் நேற்றைய கோளாறோடேயே விழித்தெழும். ரீஸ்டார்ட் ஒன்றே அனைத்தையும் புதிதாகத் தொடங்குவது. இதன் பின்னர் உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கும் அந்த இயங்குதளப் பதிப்புக்கும் உரிய டிரைவரை நிறுவி, அது கேட்கும்போதுதான் கேபிளை மாட்ட வேண்டும். முன்னரே மாட்டிவிட்டால் விண்டோஸ் தன் பொது டிரைவரை முந்திக்கொண்டு பொருத்திவிடக்கூடும். பெட்டியின் உள்ளே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்பது டிரைவரினும் வேறானது. இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்த பதிப்புகளாக இருத்தல் வேண்டும்.

மேக் கணினியில் டிரைவர் வேண்டும் சாதனங்களுக்கு வரும் இடையூறு வேறுவிதமானது. 2017-இல் வந்த ஹை சியரா பதிப்பு முதல், வெளியார் எழுதிய டிரைவர் நிறுவப்பட்டாலும், செக்யூரிட்டி அமைப்புகளில் உபயோகிப்பவர் தம் கையால் அனுமதி அளித்தாலன்றி ஓடாது. அவ்வனுமதிப் பொத்தான் அரைமணி நேரமே தோன்றி மறைந்துவிடும் என்பதறியாது, நிறுவியது நிறுவியபடி இருக்க ஒலி வரவில்லையே என்று கலங்கியவர் அநேகர். ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட கணினிகளில் பழைய முறையில் எழுதிய டிரைவரை ஏற்ற, ரெக்கவரி நிலையில் திறந்து பாதுகாப்பின் அளவைக் குறைக்கவும் வேண்டியிருக்கிறது.

சாதனம் பட்டியலில் ஒழுங்காகக் காணப்பட்டும் மௌனமாக இருப்பது இரண்டாம் வகை. இங்கே டிரைவர் பெரும்பாலும் நிரபராதி. ஒலிப்பதிவுச் செயலியின் அமைப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது சாதனத்தின் சொந்த ஆசியோ டிரைவரா, அல்லது செயலியோடு வந்த பொது ஆசியோ டிரைவரா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்னது மடிக்கணினியின் உள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பெட்டியைக் கவனியாது விட்டிருக்கலாம். விண்டோஸின் பொதுவழியில் ஒலியைப் பெறும் செயலிகளுக்கு, பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி மறுக்கப்பட்டிருந்தால், பெட்டியின் விளக்கு பாடகரின் குரலுக்கேற்பப் பச்சையாக மின்னிக்கொண்டிருக்கும், திரையில் மட்டும் நேர்கோடே ஓடும். மேக்கிலும் 2018-இன் மொஹாவி பதிப்பு முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே இவ்வனுமதி வேண்டும். டெர்மினலில் கோர்ஆடியோடி என்னும் பின்னணிச் செயலை நிறுத்தினால் அது தானே மறுபடி தொடங்கும். கணினியை ரீஸ்டார்ட் செய்யாமலே மேக்கில் இழந்த ஒலி சில சமயம் இவ்வாறு திரும்புவதுண்டு.

இவ்வகையோடு சேர்த்து எண்ணத்தக்கது மாதிரிவீதப் பொருத்தமின்மை. விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்த பாட்டை 48,000 என்று நினைத்துச் சாதனம் ஒலித்தால், வேகம் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் கூடிவிடும். ஒரு கட்டைச் சுருதியில் பாடியவரின் குரல் ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இடையே, எந்தச் சுருதிப்பெட்டியோடும் சேராத ஓர் இடத்தில் போய் நிற்கும். பிரவுசரில் ஏதோ ஒரு வீடியோ திறந்து கிடந்து, அது சாதனத்தை 48,000-இல் பிடித்துவைத்திருக்க, ஒலிப்பதிவுச் செயலி 44,100 கேட்டுத் தோற்பதே பலமுறை இதற்குக் காரணம். பிரவுசரை மூடி, விண்டோஸின் சவுண்டு அமைப்பிலும் சாதனத்தின் கன்ட்ரோல் பேனலிலும் செயலியிலும் ஒரே எண்ணை வைத்தால் போதும்.

மூன்றாம் வகையாகிய கரகரப்பும் விட்டுவிட்டு ஒலித்தலும்தான் கண்டுபிடிக்கக் கடினமானவை. யுஎஸ்பியில் ஒலித்தரவு செல்லும் முறையில், பழுதுபட்ட பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கும் ஏற்பாடு இல்லை. அதிவேக யுஎஸ்பியில் 125 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை பொட்டலம் போய்ச் சேர வேண்டும், தவறியது தவறியதுதான். கணினி இந்த அவசரத்தைச் சமாளிக்கும் பொருட்டு ஒலியைச் சிறிது சேர்த்துவைக்கும் இடமே பஃபர். விநாடிக்கு 48,000 மாதிரி வீதத்தில் 64 மாதிரிப் பஃபர் 1.3 மில்லிவிநாடியும், 256 மாதிரிப் பஃபர் 5.3 மில்லிவிநாடியும், 1024 மாதிரிப் பஃபர் 21.3 மில்லிவிநாடியும் தாங்கும். உள்வரவுக்கும் வெளிச்செலவுக்கும் தனித்தனியே இத்தாமதம் உண்டாகையால், பதிவு செய்யும்போது சிறிதாகவும், பதிந்தவற்றைக் கலந்து மிக்ஸிங் செய்யும்போது பெரிதாகவும் பஃபரை வைத்துக்கொள்வது ஸ்டூடியோக்களின் வழக்கம்.

பஃபரை 1024 ஆக்கியும் கரகரப்பு நீங்காவிடில், குற்றம் ஆடியோ டிரைவரில் அன்றி வேறொரு டிரைவரில் இருப்பதற்கே இடமுண்டு. வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு, பேட்டரி நிர்வாகம் ஆகியவற்றின் டிரைவர்களுள் ஒன்று பிராசஸரைச் சில மில்லிவிநாடி தன்வசமே வைத்துக்கொண்டால், அந்நேரத்தில் ஆடியோவின் முறை தவறிப்போகும். லேட்டன்சிமான் என்னும் பரிசோதனைக் கருவியைச் சிறிது நேரம் ஓடவிட்டால், அவ்வாறு நேரத்தை விழுங்கும் டிரைவர் கோப்பின் பெயரையே அது எடுத்துக்காட்டும். வைஃபையை அணைத்தவுடன் கரகரப்பு நின்றால் வைஃபை டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. மின்சிக்கன ஏற்பாடுகளும் இதில் சம்பந்தப்பட்டவை: பவர் பிளானில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துவதும், டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் மின்சாரத்தைக் கணினி நிறுத்தலாம் என்ற அனுமதியை நீக்குவதும், மடிக்கணினிகளில் அநேக சந்தர்ப்பங்களில் குணம் தருகின்றன.

லினக்ஸில் பொது இலக்கணத்துக்கு இணங்கிய சாதனங்கள் அல்சா என்னும் அமைப்பால் நேரே ஏற்கப்படுகின்றன. இணங்காதவற்றுக்கு உற்பத்தியாளரின் டிரைவரை எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண்.

நிவாரணமே இல்லாத நிலைமைகளும் உண்டு. ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களின் பிரதான இணைப்பாக விளங்கிய ஃபயர்வயருக்கான பழைய டிரைவர் விண்டோஸ் 8-இலிருந்து எடுக்கப்பட்டு, தனியே தேடி நிறுவ வேண்டியதாயிற்று. 2025-இல் வந்த மேக்கின் டஹோ பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. ஆர்ம் வகைச் சிப் கொண்ட விண்டோஸ் கணினிகளில், சாதாரணச் செயலிகள் போலிச்சூழலில் ஓடினாலும், டிரைவர் அவ்வாறு ஓடாது. அச்சிப்புக்கென்றே எழுதப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஆதலின் புதிய கணினி வாங்குபவர் தம்மிடமுள்ள இன்டர்ஃபேஸுக்கு அக்கணினிக்குரிய டிரைவர் உண்டா என்பதையும், புதிய இன்டர்ஃபேஸ் வாங்குபவர் அது தனி டிரைவர் இன்றியே யுஎஸ்பி பொது இலக்கணப்படி இயங்குமா என்பதையும், பணம் கொடுக்கும் முன்னரே உற்பத்தியாளரின் தளத்தில் பார்த்துக்கொள்க. டிரைவர் கைவிடப்பட்ட நல்ல பெட்டியை வைத்திருப்பவர், அது ஓடும் பழைய கணினியை இணையத் தொடர்பின்றி ஒலிப்பதிவுக்கென்றே ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம்.