திருகாணிக்கு விட்ட இடம்: பாலாவிக் கரையில் பழைய மோட்டார் சைக்கிளின் கிளச்

கொழும்பு–புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டிக் குடாநாட்டுக்குரிய வீதி பிரிகின்ற பாலாவி (திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தம் வேறு, இவ்வூர் வேறு) உப்பளங்களாலும், 1926இல் புத்தளத்தை எட்டிய இரயில் பாதையாலும் அறியப்பட்ட ஊராகும். இங்கிருந்து கற்பிட்டி வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளும் மணற்பாங்கான நிலத்தில் மீன்பெட்டியையும் மரக்கறி மூட்டையையும் சுமக்கும் பழைய மோட்டார் சைக்கிளின் கிளச்சை வீட்டு முற்றத்திலேயே சரிசெய்துகொள்ளும் வழக்கத்தை வெறும் சிக்கனமாகக் கொள்வது போதாது. வண்டியை வடிவமைத்தோர் உரிமையாளரின் கைக்கென்றே ஒரு திருகாணியை விட்டுவைத்தனர். நாட்டின் இறக்குமதிக் கொள்கை அந்தத் திருகாணியை அவர்கள் எண்ணியதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்க வைத்தது.

கிளச் என்பது எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்தோடு இணைக்கவும் வேண்டும்போது பிரிக்கவும் உதவும் தட்டுகளின் அடுக்கு. உராய்வுத் தட்டும் உருக்குத் தட்டும் மாறிமாறி அமைந்து, சுருள்வில்களால் அழுத்தப்பட்டிருக்கும். இது இல்லாத தொடக்ககால வண்டிகளை ஓட்டியோர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் உயிர்பெற்றதும் தாவி ஏறினர். பிற்காலத்தில் கைப்பிடியையும் கிளச்சையும் இணைத்தது ஏர்னஸ்ட் பௌடன் 1896இல் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்ற உறையிட்ட கம்பியாகும். இக்கம்பி காலப்போக்கில் நீள்வதால் பிடியின் தளர்வு, அதாவது இழுக்கத் தொடங்கிய பின்னும் கிளச் அசையாதிருக்கும் வெற்று இடைவெளி, கூடுகிறது. தட்டுகள் தேய்வதாலோ அது குறைகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரண்டு தேய்மானங்களுக்கும் ஈடுகொடுக்கவே கம்பியின் முனையில் திருகு வைக்கப்பட்டது. தளர்வு அறவே இல்லையாயின் தட்டுகள் முழுமையாகப் பற்றாமல் வழுக்கும். மிகையாயின் அவை முழுமையாகப் பிரியாமல் கியர் இடறும்.

இலங்கையில் ஓடிய பி.எஸ்.ஏ., ட்ரயம்ப் போன்ற பிரித்தானிய வண்டிகளில் சுருள்வில்களின் நட்டுகளையும் ஒரே அளவில் முடுக்க வேண்டியிருந்தமையால் வேலை நுட்பமானது. அழுத்தத் தட்டு சாய்ந்து எழுந்தால் கிளச் ஒரு பக்கமாகவே பிரியும். 1970 முதல் 1977 வரையான கட்டுப்பாட்டுப் பொருளாதாரம் புதிய வண்டிகளை அரிதாக்கி, இருப்பதைப் பழுதுபார்க்கும் கைகளை வளர்த்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் யப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றுள் இரட்டைச் சிலிண்டர் கொண்ட ஹொண்டா சி.டி. 125, பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் தளர்வு விட்டால் போதும் என்ற எளிய கணக்கைக் கொண்டுவந்தது.

ஆயினும் இவற்றில் தனித்தன்மை உடையது, யப்பானில் அஞ்சல் விநியோகத்துக்கெனச் செய்யப்பட்டு, பாவித்த வண்டியாக இலங்கைக்கு வந்த ஹொண்டா எம்.டி. 90 ஆகும். இதற்குக் கிளச் பிடியே கிடையாது. 1958இல் வெளிவந்த சூப்பர் கப் வண்டியை, ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கியவாறு மறு கையால் ஓட்டத்தக்கதாக வடிவமைத்தபோது உருவான, சுழலும் வேகத்தால் தானே பற்றும் கிளச்சின் வழிவந்தது இது. எஞ்சினின் வேகம் தணியும்போதும் கியர் மிதியை அழுத்தும் கணத்திலும் கிளச் பிரியும். பிடி இல்லாததால் தளர்வைக் கண்ணால் பார்க்க வழியில்லை, விரலால்தான் உணர வேண்டும். எஞ்சினின் வலப்பக்க மூடியிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, நடுத்திருகாணியை வலஞ்சுழியாக ஒரு சுற்றுக்கு மேற்படாமல் திருப்பி, பின் இடஞ்சுழியாக மெல்லத் திருப்பித் தடை தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒன்று முதல் கால் சுற்று வரை விட்டு நட்டை மீண்டும் இறுக்குவதே முறை. எழுதினால் நீளும் இவ்வேலை கைக்குப் பழகியபின் சில நிமிடங்களே எடுக்கும்.

உப்புக்காற்று வீசும் கரையில், பிடியுள்ள வண்டிகளின் உறைக்குள்ளிருக்கும் கம்பி துருவேறி இறுகுவதால், திருகைத் தொடுமுன் கம்பிக்கு எண்ணெய் விடுவது முறையாகும். எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும் கிளச்சுக்கு, உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்த கார் எண்ணெய் ஆகாது. அதனால் வழுக்கும் தட்டைத் திருகாணி திருத்தாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளில் பழைய வண்டியே கிடைக்கும் வண்டியாயிற்று. 2022இல் எரிபொருளைப் பங்கிட வந்த கியூ.ஆர். அட்டை முறையின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. எஞ்சினை இரைய வைத்துச் சக்கரத்தைச் சுழற்றாத வழுக்கும் கிளச் அந்நாட்களில் நேரடியான எரிபொருள் இழப்பாயிற்று.

திருகாணியின் எல்லை தீர்ந்து, எத்தனை திருப்பினும் தளர்வு நில்லாதபோது தட்டுகளை மாற்றுவதே வழி. அதற்கு மூடியைக் கழற்ற வேண்டும் என்பதால் வண்டி கராஜ் பாஸிடம் போய்ச் சேரும். கைவினைஞரைக் குறிக்கும் ‘பாஸ்’ என்ற இச்சொல் ஒல்லாந்தருடையது. வீதியின் மறுமுனையில், 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டையும் அவர்கள் கட்டியதே.