சுவரில் தொங்கும் பெட்டியும் தாராவியின் மூன்று நிமிடங்களும்

1947இல் கிளீவ்லாந்தில் கிளாடு பெக் என்னும் அறுவை மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனின் திறந்த மார்பினுள் தகடுகளை வைத்து, தாறுமாறாகத் துடித்த இதயத்தை மின்னதிர்ச்சியால் ஒழுங்கிற்குக் கொண்டுவந்தார். தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அறுவை அரங்கிலிருந்து அந்தக் கருவி தெருவுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை மும்பையிலிருந்து வாசிக்கும்போது சில கேள்விகள் எழுகின்றன.

மார்பைத் திறக்காமலே அதிர்ச்சி தரலாம் என்பதைப் பால் சோல் 1956இல் காட்டினார். 1965இல் பெல்ஃபாஸ்டின் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள கருவியை ஆம்புலன்சில் ஏற்றினார். நோயாளி கருவியைத் தேடிச் செல்லும் நிலை மாறி, கருவி நோயாளியைத் தேடிச் சென்றது. அடுத்து வந்த தானியங்கி டீஃபிப்ரிலேட்டர் செய்த மாற்றம் இன்னும் பெரிது: இதயத் துடிப்பைப் படித்து, அதிர்ச்சி தேவையா என முடிவெடுக்கும் பொறுப்பு மருத்துவரிடமிருந்து இயந்திரத்துக்குச் சென்றது. (திரைப்படங்களில் காண்பதுபோல், துடிப்பு நேர்கோடாகிவிட்ட இதயத்துக்கு அது அதிர்ச்சி தராது. அது பழுதன்று.)

அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வு புகழ்பெற்றது. பிறர் கண்முன் சரிந்தவர்களுள், மூன்று நிமிடங்களுக்குள் அதிர்ச்சி பெற்றோரில் 74 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதற்குப் பின் பெற்றோரில் 49 விழுக்காட்டினர். இந்த வெற்றியின் மறுபக்கத்தைப் பலரும் படிப்பதில்லை. 2005 முதல் 2014 வரை இக்கருவிகளின் செயலிழப்பு குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஏறத்தாழ 72,000 அறிக்கைகள் வந்தன. அவை அனைத்தும் மரணங்கள் அல்ல. ஆனால் 2015இல் கடுமையான முன்அனுமதி முறையைக் கட்டாயமாக்க அவை போதுமானவையாக இருந்தன. இயந்திரத்தின் 'அறிவை' ஐயுறுவோர், தீர்ந்த மின்கலத்தையும் பசை உலர்ந்த ஒட்டுத் தகட்டையும் முதலில் பார்ப்பது நல்லது.

இந்தியாவில் டீஃபிப்ரிலேட்டரை மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் அறிவிப்பு 2019 பிப்ரவரியில்தான் வந்தது. அச்சட்டம் விற்பனைக்கு வரும் கருவியின் தரத்தைக் கேட்கும். ஈராண்டு கழித்து அதன் மின்கலம் உயிரோடு இருக்கிறதா என்று தினமும் பார்க்க வராது.

மகாராஷ்டிரத்தில் 108 ஆம்புலன்ஸ் 2014இல் வந்தது. 2017இல் மும்பைக்கு இருசக்கர ஆம்புலன்சும் வந்தது. நான்கு சக்கரம் நுழையாத சந்துகள் உண்டு என்பதற்கு அரசே தந்த ஒப்புதலாக இதனைக் கொள்ளலாம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் உட்சந்தில் ஒருவர் சரிந்தால், சயான் மருத்துவமனை வரைபடத்தில் மிக அருகில் இருக்கும். மூன்று நிமிடத் தொலைவில் இராது. அங்கே பெட்டி வைப்பதாயின் எந்தச் சுவரில், யாருடைய சாவியில், தகட்டின் காலாவதி நாளை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.