முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையும் நீண்ட கூந்தலும்

முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையில் நோயாளி பெரும்பாலும் குப்புறக் கிடத்தப்படுவதால், நீண்ட கூந்தல் வெட்டுப் பகுதியில் விழாதவாறு முன்னரே ஒதுக்கப்படுகின்றது. இதற்காகக் கூந்தலை வெட்ட வேண்டியதில்லை. கழுத்து அறுவையில் மட்டும் பிடரி மயிர் சிறிது நீக்கப்படுவதுண்டு. அதற்கும் கத்தரிப்பு இயந்திரமே ஏற்றது. சவரக்கத்தியின் நுண்கீறல்கள் தொற்றுக்கு வழியாவதால், உலக சுகாதார அமைப்பின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டல் மழித்தலை விலக்குகின்றது.

முதல்நாள் தலைக்குக் குளித்து, உலர்த்தி, இரட்டைச் சடையாகப் பின்னுதல் நன்று. எண்ணெய் தேய்த்து அனுப்பும் வீட்டு வழக்கம் இங்கு உதவாது. உலோகக் கொண்டை ஊசிகள் மின்கருவியால் தீப்புண் ஏற்படுத்தக்கூடுமாதலால் அகற்றப்படும்.

சிகிச்சைக்குப் பின்னர் குனிவதும் உடலை முறுக்குவதும் தடுக்கப்படுவதால், மருத்துவர் அனுமதித்தபின் பிறரே தலையை அலசிவிட வேண்டும். பெரியபட்டினம் போன்ற ஈரக்காற்று மிகுந்த கடற்கரை ஊர்களில் கூந்தல் உலரத் தாமதமாகும். ஈரச்சடை தையலின்மீது தொங்கக்கூடாது.