மதகை மூடிக் கிடந்த மும்மொழிக் கல்

1911ஆம் ஆண்டு, இலங்கையின் தென்கரை நகரமாகிய காலியில், கிரிப்ஸ் சாலையருகே மதகொன்றை மூடியிருந்த கற்பலகை ஒரு பொறியாளரின் கண்ணில் பட்டது. எழுத்துள்ள முகம் மண்ணை நோக்கிக் கவிழ்ந்திருந்தது. எத்தனை பேர் அதன் முதுகின்மீது நடந்து சந்தைக்குச் சென்றார்களோ! புரட்டிப் பார்த்தபோது, மேலே எதிரெதிராக இரண்டு சீன டிராகன்கள். கீழே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுத்துகள்.

கல்லை அனுப்பியவர் சீனப் பேரரசர் யோங்லே. கொண்டு வந்தவர் கடற்படைத் தளபதி செங் ஹோ. யுன்னான் பகுதியில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள் என அறியப்பட்டவர்கள். கல்லிலுள்ள தேதி 1409 பிப்ரவரி 15. ஹிஜ்ரி 811க்கு இணையானது. ஆக, பயணம் தொடங்குமுன்னரே வாசகங்களைச் சீனாவில் எழுதிவிட்டனர்.

சீன வாசகம் புத்தருக்கான காணிக்கையைச் சொல்கிறது. தமிழ் வாசகம் தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கானதை. பாரசீகப் பகுதி பெரிதும் சிதைந்துவிட்டது; எஞ்சிய சொற்களைக் கொண்டு அது இஸ்லாம் சார்ந்த காணிக்கை என்பர் அறிஞர். சீனப் பட்டியலில் ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டுகள், வாசனை எண்ணெய் முதலியன உள்ளன. மற்ற இரு பட்டியல்களும் ஏறத்தாழ இதையே ஒத்தவை. ஒருவருக்கு மிகுத்து, மற்றவருக்குக் குறைக்கவில்லை.

நம்மை வியக்க வைப்பது வேறொன்று. சிங்கள மன்னர் ஆண்ட தீவில் நிறுத்திய கல்லில் சிங்களம் இல்லை! துறைமுகத்தில் விலை பேசியவர்களின் மொழிகளே தேவைப்பட்டன போலும். பாரசீகம் அன்று இந்தியப் பெருங்கடல் வணிகர்களின் பொதுமொழி. அங்கே முஸ்லிம்கள் புதியவர்களும் அல்லர். 1344இல் இவ்வழியே வந்த இப்னு பதூதா, தெவிநுவரைக் கோயிலைக் கண்டபின் காலியை அடைந்து, நாகுதா இப்ராஹீம் என்னும் முஸ்லிம் கப்பல் தலைவரின் விருந்தினராகத் தங்கியதைப் பதிவு செய்துள்ளார்.

இதைக் கொண்டு செங் ஹோவைச் சமாதானத் தூதராக மட்டும் வரைந்துவிடலாகாது. அதே பயணத்தில் இலங்கையில் போர் மூண்டது. அங்கு ஆண்டவரைச் சிறைபிடித்து 1411இல் சீனாவுக்குக் கொண்டு சென்றனர். பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார். காணிக்கையும் படையும் ஒரே கப்பல்களில்தான் வந்தன. ஆயினும் மூன்று சமயத்தாரின் நன்மதிப்பும் தமக்கு வேண்டும் என்று ஒரு பேரரசு கருதியது. நம் முன்னோர் அக்கரையில் எண்ணிக்கையில் சிறியவர்களாயினும் புறக்கணிக்க இயலாதவர்களாக இருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தெவிநுவரைக் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588இல் இடித்தனர். கல் மட்டும் தப்பியது. இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பிள்ளைகளுடன் செல்வோர், கல்லின் இடப்புறத்தில் மேலே தமிழையும், அதன் கீழே தேய்ந்த பாரசீக வரிகளையும் காணலாம். குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளைக்கு அதில் சில எழுத்துகளேனும் அடையாளம் தெரியும்.