நீக்கும் அதிகாரம் யாருடையது? யூஸ்நெட் செய்திக்குழுக்களில் எரித எதிர்ப்பின் வரலாறு (1993–1998)

ஆய்வுச்சுருக்கம்

இணைய உரையாடல் வெளிகளில் பெருகும் வேண்டாத விளம்பரப் பதிவுகளையும் அவற்றை இடும் கணக்குகளையும் அகற்றுவது தொழில்நுட்பச் சிக்கலாகவே பெரிதும் பேசப்படுகிறது. யூஸ்நெட் செய்திக்குழுக்களின் வரலாற்றைக் கொண்டு, அது முதன்மையாக அதிகாரம் பற்றிய சிக்கல் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பிறர் பதிவை நீக்குவோருக்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது, அதற்கு எவ்வெல்லைகள் வகுக்கப்பட்டன, அவ்வெல்லைகள் ஏன் நிலைக்கவில்லை ஆகிய வினாக்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எரிதம், யூஸ்நெட், நீக்கல் ஆணை, தன்னார்வக் கண்காணிப்பு, கருத்துரிமை.

முன்னுரை

ஸ்பேம் என வழங்கும் எரிதம் இணையத்தைவிட மூத்தது. 1978ஆம் ஆண்டு மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துவர்க், தம் நிறுவனக் கணினிகளின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்து, அர்ப்பாநெட் பயனர் சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். அந்த வலையமைப்பு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் இயங்கியது. எனவே அதன் நிருவாகம் கண்டித்தது. சிக்கல் அத்துடன் முடிந்தது. கண்டிக்க ஒரு தலைமை அங்கு இருந்தது. தலைமையே இல்லாத ஒரு வலையமைப்பில் இதே செயல் நிகழ்ந்தால் தடுப்பவர் யார் என்னும் வினாவை எழுப்பியது யூஸ்நெட்.

யூஸ்நெட்டின் அமைப்பும் நீக்கல் ஆணையும்

1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோரின் சிந்தனையில் யூஸ்நெட் உருப்பெற்றது. இதற்கு மைய வழங்கி கிடையாது. ஓரிடத்தில் இடப்படும் பதிவு வழங்கிவிட்டு வழங்கியாகப் படியெடுக்கப்பட்டுப் பரவும். சேமிப்புச் செலவையும் கடத்தும் செலவையும் ஒவ்வொரு வழங்கியும் ஏற்றது. ஒருவர் தாம் இட்ட பதிவைத் திரும்பப் பெறுவதற்கென நீக்கல் ஆணை என்னும் கட்டுப்பாட்டுச் செய்தி அமைக்கப்பட்டிருந்தது. ஆணை அனுப்புபவர்தாம் பதிவின் ஆசிரியரா என்பதை வழங்கிகள் உறுதியாகச் சோதிக்கவில்லை. ஆசிரியர் பெயரைப் பொய்யாக இட்டு வேறொருவரும் அதனை அனுப்ப முடிந்தது. பிற்கால எரித எதிர்ப்பு முழுவதும் இந்த ஓட்டையின் மீதே எழுந்தது என்பது கருதத்தக்கது.

அதன் இடர்ப்பாடு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1993 மார்ச் 31 அன்று, பெயர் மறைத்து இடப்படும் பதிவுகளைத் தானாக நீக்குவதற்காக எழுதப்பட்ட ஒரு நிரல், பிழை காரணமாகத் தான் இட்ட செய்திகளுக்கே மறுவினையாற்றி, நிருவாகக் கொள்கை பற்றிய செய்திக்குழுவில் சுமார் 200 செய்திகளைக் குவித்தது. வாசகர்கள் அக்குவியலை ஸ்பேம் என்று எள்ளினர். யூஸ்நெட் வழக்கில் அச்சொல் நிலைபெற்றதை இந்நிகழ்வோடு இணைப்பது மரபு. ஒழுங்குபடுத்த எழுந்த கருவியே அச்சொல்லுக்கு இலக்கானது என்பது முரண்.

பச்சை அட்டை விளம்பரம்

1994 ஏப்ரல் 12 அன்று அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் தொழில் நடத்திய வழக்கறிஞர் இணையர் லாரன்ஸ் கேண்டர், மார்த்தா சீகல் ஆகியோர், அமெரிக்கக் குடியேற்ற அனுமதிக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கத் துணைபுரிவதாகக் கூறும் விளம்பரத்தை 5,000க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் இட்டனர். குலுக்கலில் பங்கேற்க வழக்கறிஞர் துணை தேவையே இல்லை. இப்பொருட்குற்றத்தைவிட வாசகரைச் சினமூட்டியது விளம்பரம் இடப்பட்ட முறை. ஒரு பதிவைப் பல குழுக்களுக்கும் பொதுவாக இட்டால், வழங்கி அதனை ஒருமுறை மட்டுமே சேமிக்கும். ஒரு குழுவில் படித்தவருக்கு மறு குழுவில் அது தோன்றாது. இவர்களோ நிரலின் துணையால் ஒவ்வொரு குழுவிலும் தனித்தனிப் பதிவாக இட்டனர். செல்லுமிடமெல்லாம் வாசகர் அதையே எதிர்கொண்டார்.

எதிர்ப்பு மடல்களின் பெருக்கால் அவர்களுக்கு இணைப்பு வழங்கிய நிறுவனத்தின் கணினிகள் முடங்கின. அந்நிறுவனம் கணக்கை மூடியது. அவர்கள் வருந்தவில்லை. இவ்வுத்தியைப் பிறருக்குக் கற்பிக்கும் நூலொன்றையும் வெளியிட்டனர். ஒரு கணக்கு மூடப்பட்டாலும் மற்றொரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கலாம் என்பதால், கணக்கு நீக்கம் முழுத்தீர்வாகவில்லை. இச்சூழலில்தான், நார்வே நாட்டு நிரலர் ஆர்ன்ட் குல்பிரான்ட்சென், அவர்களின் பதிவுகளைத் தேடி நீக்கல் ஆணை அனுப்பும் தானியங்கி நிரலை உருவாக்கினார்.

உள்ளடக்கமா, எண்ணிக்கையா?

பிறர் பதிவை நீக்குவது தணிக்கை ஆகாதா? இவ்வினாவுக்கு யூஸ்நெட் நிருவாகிகள் கண்ட விடை, எரிதத்தின் வரையறையை உள்ளடக்கத்திலிருந்து எண்ணிக்கைக்கு மாற்றியது. பதிவு வணிகமா, சமயமா, அரசியலா என்பது கருதப்படாது. எத்தனை முறை இடப்பட்டது என்பதே கருதப்படும். சேத் பிரைட்பார்ட் பெயரால் வழங்கும் குறியீட்டெண் இக்கொள்கையின் கணித வடிவம். ஒவ்வொரு படியும் எத்தனை குழுக்களுக்கு இடப்பட்டதோ, அவ்வெண்ணின் வர்க்கமூலங்களைக் கூட்டினால் குறியீட்டெண் கிடைக்கும். 45 நாள்களுக்குள் அது 20ஐ எட்டினால் பதிவுகளை நீக்கலாம் என்பது பொது உடன்பாடு. இதன்படி, 20 குழுக்களில் தனித்தனியே இட்டால் குறியீட்டெண் 20. ஒரே பதிவை 9 குழுக்களுக்குப் பொதுவாக இட்டால் 3 மட்டுமே. பிறர்க்கு ஏற்றும் சுமைக்கேற்பக் குற்றத்தின் அளவு கூடுகிறது.

இதனோடு வெளிப்படைத்தன்மையும் சேர்ந்தது. 1994இல் கேன்சல்மூஸ் என்னும் புனைபெயரில் இயங்கியவர், நீக்கியவை எவை, ஏன் நீக்கப்பட்டன என்பதைப் பொதுக்குழுக்களில் அறிவித்தார். நீக்கல் ஆணைகளில் ஒரு பொது அடையாளம் இடும் வழக்கமும் உருவானது. விரும்பாத வழங்கி நிருவாகி அவ்வடையாளத்தைக் கொண்டு அந்த ஆணைகளைப் புறக்கணிக்கலாம். எண்ணிக்கை அளவுகோல், பொது அறிவிப்பு, விலகும் உரிமை ஆகிய மூன்றுமே நீக்குவோரின் அதிகாரத்துக்கு ஏற்புடைமை அளித்தன எனலாம்.

எல்லைகளின் தளர்ச்சி

ஆயினும் இவை விதிகளல்ல, வழக்காறுகளே. வழக்காற்றை மதிக்காதவர் கையிலும் அதே கருவி இருந்தது. 1996இல் அடையாளம் மறைத்த சிலர் போலி ஆணைகளால் ஆயிரக்கணக்கான முறையான பதிவுகளை அழித்தனர். இன, சமயச் சிறுபான்மையினரின் குழுக்கள் இதில் இலக்காயின. எரிதத்தை அகற்றிய ஆணைக்கும் குரலை அழித்த ஆணைக்கும் வடிவில் வேறுபாடில்லை. இதற்கு மாற்றாகக் கேன்சல்மூஸ் முன்வைத்த நோசீம் முறையில், பரிந்துரைகள் எண்ணிமக் கையொப்பத்துடன் வெளியாகும். எவருடைய பரிந்துரையை ஏற்பது என்பதைப் பெறுபவரே தீர்மானிப்பார்.

தனிக்கணக்குகளிலிருந்து கவனம் நிறுவனங்களை நோக்கியும் திரும்பியது. எரிதத்தைக் கட்டுப்படுத்தத் தவறிய நிறுவனத்திலிருந்து வரும் பதிவுகள் அனைத்தையும் நீக்குவது யூஸ்நெட் மரணதண்டனை எனப்பட்டது. 1997 ஆகஸ்ட் தொடக்கத்தில் யூயூநெட் நிறுவனம் இதற்கு உள்ளானது. அது உரிய நடவடிக்கை எடுத்ததும் சில நாள்களில் தடை விலக்கப்பட்டது. பயன் விளைந்தது உண்மை. குற்றமற்ற வாடிக்கையாளரின் பதிவுகளும் அந்நாள்களில் தடைப்பட்டன என்பதும் உண்மை. எண்ணிக்கை அளவுகோல் தனிப்பதிவுக்கு அளித்த பாதுகாப்பு இங்கு இல்லை.

நீக்குவோரின் உழைப்பு ஊதியமற்றது. 1998 ஏப்ரலில் அவர்களுள் பலர் பணியை நிறுத்தி வைத்தனர். தங்கள் உழைப்பை நம்பிச் சேவை நிறுவனங்கள் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கின்றன என்பது அவர்களது முறையீடு.

முடிவுரை

யூஸ்நெட்டின் ஏற்பாடு நிலைக்கவில்லை. சான்றுறுதி இல்லாத ஆணையும் ஊதியமில்லாத உழைப்பும் எரிதத்தின் பெருக்கைத் தாங்கவில்லை. பின்வந்த வணிகத் தளங்களில் கணக்கை முடக்கும் அதிகாரம் நிறுவனத்தின் உள்ளே குவிந்தது. போலி ஆணை என்னும் பழைய ஓட்டை இதனால் பெரிதும் அடைபட்டது. ஆனால் எந்த அளவுகோலால் நீக்கினர் என்று பயனர் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கும் நிலையும், அந்த நீக்கலை ஏற்க மறுக்கும் நிலையும் அதனோடு மறைந்தன. எரிதத்தை ஒழிப்பதில் யூஸ்நெட் தோற்றது. நீக்குபவரும் பொதுவெளிக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் நெறியை வகுத்ததில் அது தோற்கவில்லை. இன்றைய தளங்களின் நீக்கல் முறைகளை மதிப்பிட முனையும் ஆய்வாளர்க்கு அந்நெறியே முதல் அளவுகோலாக அமையத்தக்கது.