பவுன்சர்

குத்தி எழும்பி, மட்டையாளரின் தோளுக்கு மேலே பாயும் வேகப்பந்து. முந்தைய தலைமுறை ‘பம்பர்’ என்றது. ஆங்கிலத்தில் ‘பவுன்ஸ்’ முதலில் குறித்தது துள்ளுவதை அல்ல, ஓங்கி மொத்துவதை. துள்ளல் பின்னால் வந்து ஒட்டிய பொருள். அந்த மூலப்பொருளுக்கு இலங்கையரிடமே சான்று உண்டு. 1975 ஜூன் 11, ஓவல் மைதானம், உலகக் கிண்ணம்: ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தொம்சனின் பந்துகளில் அடிபட்டு துலிப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் வைத்தியசாலைக்குப் போனார்கள். அன்று தலைக்கவசம் கிடையாது.

இன்று டெஸ்டிலும் ஒருநாள் போட்டியிலும் ஓவருக்கு இரண்டே பவுன்சர். மூன்றாவது வந்தால் நோபோல்; ஒருநாள் போட்டியில் ஃப்ரீ ஹிட்டும் சேரும். பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டப் பக்கம் மேட்ச் பார்க்கும் பையன்கள் சலித்துக்கொள்வது இதற்குத்தான்: “போல் போடுறவனுக்குன்னு ஒண்ணுமே இல்லையா?” மென்பந்தில் ஆடிப் பழகியவர்களுக்குத் தோல்பந்தின் கனம் சட்டென்று புரியாது என்பதும் உண்மை. அமெரிக்கக் கால்பந்திலும் இதே புலம்பல்தான். பந்தை எறிந்துவிட்ட குவார்ட்டர்பேக்கை முரட்டுத்தனமாகச் சாய்த்தால் 15 யார் தண்டனை, ரசிகர் கொதிக்கிறார்.

எண்ணிக்கைக் கட்டுப்பாடு தலையைக் காக்கிறது, சரி. ஃப்ரீ ஹிட் எதைக் காக்கிறது? ஓட்டக்கணக்கை மட்டும்தான்.

கிரிக்கெட்டுக்கு வெளியே, சினிமாச் செய்திகளில் ‘பவுன்சர்’ என்றால் நடிகரைச் சுற்றி நிற்கும் மெய்க்காவலர்.